பிரித்தால் பண்டம், கலந்தால் குப்பை: திருப்பூர் வட்டாரத்தில் அன்றாட நெகிழிக் கழிவைக் குறைத்தல்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் துணிக் கழிவு வீணாவது அரிது. கட்டிங் மேசையில் விழும் துண்டுத் துணி, நிட்டிங் எந்திரத்தில் மிஞ்சும் நூல், குறைபாட்டால் ஒதுக்கப்படும் ஆடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாங்குவோர் இருக்கிறார்கள். வெள்ளை, சாயமிட்டது, கலப்பிழை என்று பிரிக்கப்பட்ட பனியன் வேஸ்ட், ஓப்பன் எண்ட் மில்கள் எனப்படும் கழிவுப் பஞ்சு நூற்பாலைகளுக்குச் சென்று மீண்டும் நூலாகிறது. ஏற்றுமதிக்குத் தகாத ஆடை காதர்பேட்டைக் கடைகளில் விலையாகிறது. அதே நகரத்தில், வீடுகளிலிருந்தும் டீக்கடைகளிலிருந்தும் பனியன் கம்பெனிகளின் பேக்கிங் பிரிவுகளிலிருந்தும் நாள்தோறும் வெளியேறும் நெகிழியின் பெரும்பகுதி சாக்கடையை அடைத்து, ஜம்மனை ஓடை வழியாக நொய்யல் ஆற்றைச் சேர்கிறது; அல்லது வெற்றிடங்களில் எரிக்கப்படுகிறது; அல்லது ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டப்படுகிறது. ஒரே ஊர், ஒரே மக்கள், இருவகைக் கழிவு. ஒன்று பண்டமாகவும் மற்றொன்று குப்பையாகவும் ஆவதன் காரணத்தைக் கண்டறிந்தால், அன்றாட நெகிழிக் கழிவைக் குறைப்பதற்கான வழியும் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

துணிக் கழிவு பண்டமாவதற்கு மூன்று நிலைமைகள் துணைநிற்கின்றன. அது பிறந்த இடத்திலேயே பிரிக்கப்படுகிறது. பிரித்ததற்கு உடனே விலை கிடைக்கிறது. பிரிக்கத் தவறினால் ஏற்படும் இழப்பு, தவறியவரின் கணக்கிலேயே ஏறுகிறது. அன்றாட நெகிழியைப் பொறுத்தவரை இம்மூன்றும் அறுந்து கிடக்கின்றன. சட்டம், தொழிலகம், வீடு, உள்ளாட்சி ஆகிய நான்கு தளங்களிலும் இதுவரை நிகழ்ந்துள்ள முயற்சிகளை இந்த மூன்று நிலைமைகளைக் கொண்டு மதிப்பிடுவது பயனுடையதாகும்.

பல பொருள்கள், ஒரே தொட்டி

நெகிழி என்று வழங்கப்படுவது ஒரே பொருளன்று. தண்ணீர் பாட்டிலுக்குரிய பெட், வாளிக்கும் எண்ணெய்க் கேனுக்கும் உரிய அடர்த்தி மிக்க பாலிஎதிலீன், மெல்லிய கவர்களுக்குரிய அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன், நூல் மூட்டைச் சாக்குக்கும் நெய்யாத பைக்கும் உரிய பாலிபுரோப்பிலீன், தெர்மாகோல் தட்டுக்குரிய பாலிஸ்டைரீன் எனப் பலவகை நெகிழிகள் வெவ்வேறு வெப்பநிலையில் உருகி, வெவ்வேறு பயனுக்கு உதவுகின்றன. ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் தரமான மறுபொருள் கிடைக்காது. இவற்றுக்கு மேலாக, பல அடுக்கு உறை எனப்படும் வகையில் நெகிழிப் படலமும் உலோகப் படலமும் ஒட்டப்பட்டிருப்பதால், ஷாம்பூ, சிப்ஸ், பான் மசாலா முதலியவற்றின் சிறு பொட்டலங்களை அடுக்கடுக்காகப் பிரித்தெடுப்பது நடைமுறையில் இயலாததாகிறது.

பழைய இரும்புக் கடை வரை சென்று சேர்வது எது, சேராதது எது என்பதை இந்த வேறுபாடே முடிவு செய்கிறது. பாட்டிலும் உடைந்த வாளியும் எடையுள்ளவை என்பதால் அவற்றைப் பொறுக்குவோருக்குக் கூலி கட்டுகிறது. சில கிராம் மட்டுமே எடையுள்ள கவரை ஒரு கிலோ அளவுக்குச் சேர்க்க நூற்றுக்கணக்கில் குனிந்தெடுக்க வேண்டியிருப்பதாலும், அதில் சாம்பாரும் சட்னியும் ஒட்டியிருப்பதாலும், எவரும் அதைத் தொடுவதில்லை. உலகளவிலும் நிலைமை இதுவே. 2017ஆம் ஆண்டில் ரோலண்ட் கேயர், ஜென்னா ஜாம்பெக், காரா லாவெண்டர் லா ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, 2015 வரை உருவான ஏறத்தாழ 630 கோடி டன் நெகிழிக் கழிவில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்கு உட்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பை மேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் தங்கிவிட்டது. இந்தியாவில் 2020-21ஆம் ஆண்டில் சுமார் 41 லட்சம் டன் நெகிழிக் கழிவு உண்டானதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவு செய்துள்ளது. எனவே, மறுசுழற்சி ஒன்றையே நம்பி நுகர்வைத் தொடரலாம் என்னும் எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. வாங்காமல் தவிர்த்தல், மறுபடி பயன்படுத்துதல், அதன் பின்னரே மறுசுழற்சி என்னும் வரிசை, அறவுரையாக மட்டுமன்றி, பொருளின் இயல்பிலிருந்தே பெறப்படும் முடிவாகவும் அமைகிறது.

வாரச் சம்பளமும் சிறு பொட்டலமும்

வீட்டுக்குள் நெகிழி நுழையும் வழிகளை ஆராயும்போது, திருப்பூரின் வாழ்க்கை அமைப்பைக் கருத்தில் கொள்ளாமல் மக்களின் பழக்கத்தை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பனியன் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வாரச் சம்பளம் பெறுகிறவர்கள். சனிக்கிழமை கையில் வரும் பணத்தில் வாடகை, தவணை, பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு ஒதுக்கியபின் எஞ்சுவதைக் கொண்டு வாங்கப்படும் ஷாம்பூவும் சோப்புத்தூளும் எண்ணெயும் சிறு அளவிலேயே அமைகின்றன. ஷாம்பூவை ஒருமுறைக்குரிய சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறையைப் பரவலாக்கியதில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணனுக்கு முன்னோடிப் பங்கு உண்டு. பெரிய பாட்டிலை வாங்க இயலாத குடும்பங்களுக்கும் அப்பொருளைக் கொண்டுசேர்த்த அந்த விற்பனை முறை, சில்லறைக் காசில் அடங்கும் நுகர்வுக்கு ஈடாக, எவராலும் மறுசுழற்சி செய்ய இயலாத உறையை ஒவ்வொரு குளியலறையிலும் விட்டுச் சென்றது. ஆகவே, பொட்டலத்தைக் கைவிடுமாறு தொழிலாளியிடம் கோருவதற்கு முன், அதே சிறு தொகைக்கு வேண்டிய அளவை அளந்து தரும் கடை அவருக்குக் கிடைக்க வேண்டும். மளிகைக் கடையில் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் சொந்தப் பாட்டிலில் அளந்து வாங்கப்பட்ட காலம் மிகத் தொலைவில் இல்லை. நியாயவிலைக் கடையில் அரிசியும் சர்க்கரையும் இன்றும் வீட்டிலிருந்து கொண்டுவரும் பையில்தான் வாங்கப்படுகின்றன.

இரண்டாவது வழி, வேலை நேரத்தின் நெருக்கடி. ஷிப்டுக் கணக்கில் ஓடும் கம்பெனிகளில் டீ நேரம் குறுகியது. அருகிலுள்ள கடையிலிருந்து டீ கவரில் கட்டப்பட்டு, கோப்பைகளோடு வருகிறது. ஓவர்டைம் முடிந்து திரும்புவோர் இட்லியும் புரோட்டாவும் பார்சலாக வாங்கும்போது சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு ஒரு கவர், குருமாவுக்கு ஒரு கவர் என்று சேர்கின்றன. சூடான உணவு மெல்லிய கவரில் படும்போது அதிலுள்ள சேர்மங்கள் உணவில் கலக்கக்கூடும் என்பது உடல்நலம் சார்ந்த தனிக் கவலை. கொங்குப் பகுதியில் தூக்குப்போசி என வழங்கும் தூக்குப் பாத்திரம் இந்த இடத்தை நிரப்பக்கூடியது. ஆனால் தொழிலாளி ஒவ்வொருவரும் அதைச் சுமந்து வர வேண்டும் என்பதைவிட, கம்பெனியே எவர்சில்வர் டம்ளர்களையும் பிளாஸ்க்கையும் கழுவும் இடத்தையும் ஏற்படுத்துவது எளிதாகவும் நிலையாகவும் பலன் தரும். ஒரு கம்பெனியில் நூறு பேர் நாளுக்கு இரண்டு முறை டீ குடித்தால் இருநூறு கோப்பைகள். ஒரே முதலாளியின் ஒரே முடிவால் அத்தனையும் நின்றுவிடும்.

மூன்றாவதாக, திரும்பப் பெறும் முறைக்கு இவ்வூரில் ஏற்கெனவே உள்ள சான்றைக் குறிப்பிட வேண்டும். குடிநீருக்காக வீடுதோறும் கம்பெனிதோறும் வரும் 20 லிட்டர் கேன் நெகிழியால் ஆனதே எனினும், முன்பணம் கட்டி வாங்கப்பட்டு, காலியானதும் திரும்பிச் சென்று, மீண்டும் நிரப்பப்படுகிறது. அதை எவரும் சாக்கடையில் எறிவதில்லை. பொருளுக்கு ஒரு பிணைத்தொகையும் திரும்பி வரும் பாதையும் இருந்தால் நெகிழி தானாகவே குப்பையாகாது என்பதை இது மெய்ப்பிக்கிறது. காலி மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம், சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலையொட்டி 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பின்னர் பிற மாவட்டங்களுக்கு விரிந்ததும் இதே கொள்கையின் வழியிலேயே ஆகும்.

தடையின் வலிமையும் எல்லையும்

தமிழ்நாட்டில் நெகிழிக் கட்டுப்பாட்டின் முதல் பெரிய களம் நீலகிரி. 2000ஆம் ஆண்டையொட்டி மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு தொடங்கிய இயக்கம், கடைகளையும் சுற்றுலாப் பயணிகளையும் ஒருங்கே கட்டுப்படுத்தியது. மலைக்குள் நுழையும் சாலைகள் சில மட்டுமே என்பதால் பொருள் வரும் வழியிலேயே சோதிக்க முடிந்தது. பின்னர் மாநில அரசு 2018 ஜூன் மாதத்தில் வெளியிட்ட அரசாணை எண் 84இன் வழியாக, 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேசை விரிப்பு, தெர்மாகோல் தட்டு, நெகிழி பூசிய காகிதக் கோப்பை, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல், தூக்குப்பை, நெய்யாத பை, நெகிழிக் கொடி ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். மத்திய அரசு 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளை 2021இல் திருத்தி, குறிப்பிட்ட ஒருமுறைப் பொருள்களை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் விலக்கியதோடு, தூக்குப்பையின் தடிமன் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுத்தது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடிமன் கூடினால் பையின் விலை கூடும், விலை கூடினால் கடைக்காரர் இலவசமாகத் தரமாட்டார், எடை கூடுவதால் பொறுக்குவோருக்கும் கூலி கட்டும் என்பதே இவ்வரையறையின் உட்பொருள்.

பெயரில் துணியைப் போலத் தோன்றும் நெய்யாத பையைப் பற்றிப் பின்னலாடை வட்டாரத்துக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதைக் குறிக்கும் ஜிஎஸ்எம் அளவு திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் முதல் செக்கிங் பெண்கள் வரை அனைவருக்கும் பழக்கமானது. அதே அளவைக் கொண்டே மத்திய விதி, நெய்யாத பை 60 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனால் அப்பை பருத்தி நூலால் ஆனதன்று. பாலிபுரோப்பிலீன் இழைகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்த நெகிழியே ஆகும். சில மாதங்களில் வெயிலில் நொறுங்கி நுண்துகள்களாக உதிரும் அதைத் துணிப்பை என நம்பி வாங்குவோர் பலர். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டில் காகிதக் கோப்பைகள் மீதான தடையை ஏற்றுக்கொண்டு, நெய்யாத பைகளின் மீதான தடையை மத்திய விதிகளின் மாற்றத்துக்கு ஏற்ப மறுபரிசீலனை செய்யுமாறு கூறியது. துணியின் தரத்தை விரலால் தடவியே அறியும் ஒரு ஊர், இந்த வேறுபாட்டைப் பிற ஊர்களுக்கும் எடுத்துச் சொல்லும் தகுதியைப் பெற்றுள்ளது.

தடை எங்கே பலித்தது, எங்கே தளர்ந்தது என்பதற்கு அயல்நாட்டு அனுபவங்களும் ஒளி தருகின்றன. இலங்கையில் 2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபின், அவ்வாண்டு செப்டம்பரில் மெல்லிய பாலித்தீன் பைகளும் சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டும் தடைக்கு உள்ளாயின. அயர்லாந்து தடை விதிக்காமல், 2002இல் ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் தீர்வை விதித்து, பைப் பயன்பாட்டை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைத்தது. பொருள் கடைக்கு வரும் வழியை அடைப்பது, அல்லது வாங்குவோர் உணரும் வகையில் விலை வைப்பது என்னும் இரண்டில் ஒன்றேனும் இல்லாதபோது, அபராதம் தெருவோரப் பூக்காரரையும் தள்ளுவண்டிக்காரரையும் மட்டுமே எட்டுகிறது. மொத்த வியாபாரியும் உற்பத்தியாளரும் எட்டாத தொலைவில் நிற்கிறார்கள். சிறு வணிகரின் பையைப் பறிமுதல் செய்யும் சோதனை, அவருக்குச் சரக்கு தந்தவரின் கிடங்கு வரை நீளாவிட்டால், அது நீதியும் ஆகாது, பயனும் தராது.

நொய்யல் கற்பித்த பாடம்

கழிவின் செலவை யார் ஏற்பது என்னும் கேள்விக்குத் திருப்பூரில் நீண்ட, வேதனை மிக்க வரலாறு உண்டு. சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுநீரின் தேக்கமாக மாறியது. கிணறுகளும் நிலங்களும் கெட்டன. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடப்படாத முறைக்கு மாறுமாறு 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணை முழுமையாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. பல மாதங்கள் தொழில் தடுமாறியது. வேலையிழந்தோர் ஊர் திரும்பினர். அதன் பின்னரே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வூடு வடிகட்டும் கருவிகளோடும் ஆவியாக்கிகளோடும் முழுமை பெற்று, பயன்படுத்திய நீரின் பெரும்பகுதியையும் உப்பையும் மீட்டுத் திரும்பவும் சாயமேற்றப் பயன்படுத்தும் நிலை உருவானது.

இந்த வரலாற்றிலிருந்து நெகிழிக்குப் பொருந்தும் இரண்டு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, கழிவின் செலவு கீழ்மடை விவசாயியின் தலையில் விழுந்தவரை எந்தத் தொழில்நுட்பமும் உள்ளே வரவில்லை. உண்டாக்கியவரின் கணக்குக்கு அது மாற்றப்பட்ட பின்னரே, இயலாது எனப்பட்டது இயன்றது. இரண்டாவது, தனிப் பட்டறை ஒவ்வொன்றும் தாங்க முடியாத செலவைப் பொது நிலையத்தின் வழியே பலர் பங்கிட்டுச் சுமந்தனர். நெகிழியின் செலவு இன்று யார் தலையில் விழுகிறது? கலந்த குப்பையை வெறுங்கையால் கிளறும் தூய்மைப் பணியாளரின் உடலிலும், பாறைக்குழிகளை அடுத்து வாழும் ஊர்களின் நிலத்தடி நீரிலும் விழுகிறது. மாநகராட்சிக் குப்பையைத் தங்கள் பகுதியில் கொட்டுவதை எதிர்த்து முதலிபாளையம், இடுவாய் வட்டாரங்களின் மக்கள் 2025இல் நடத்திய போராட்டங்களை, நொய்யல் விவசாயிகள் எழுப்பிய கேள்வியின் தொடர்ச்சியாகவே கருத வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட மாநகரில் சுமார் 8.77 லட்சம் பேர் வாழ்ந்தனர். அத்தனை பேரின் கலந்த குப்பையையும் ஏற்க வேண்டிய கடமை பக்கத்து ஊர் எதற்கும் இல்லை.

பேக்கிங் மேசையில் தொடங்கும் நெகிழி

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் வழங்கும் நகரத்தில், வீட்டுக் குப்பையை மட்டும் பேசுவது கேள்வியின் பாதியை மறைப்பதாகும். நூல் மூட்டை பாலிபுரோப்பிலீன் சாக்கில் வருகிறது. கோன் ஒவ்வொன்றையும் மெல்லிய கவர் மூடியிருக்கிறது. சாயமிட்டு வரும் துணி உருளையைப் பாலித்தீன் சுற்றியிருக்கிறது. அயர்னிங் முடிந்த பீஸ் தனித்தனிப் பாலிபேக்கில் நுழைந்து, டேக் பின்னும் சைஸ் ஸ்டிக்கரும் ஏற்று, அட்டைப்பெட்டிக்குள் மீண்டும் ஒரு பெரிய பாலித்தீன் உறைக்குள் அடங்குகிறது. இவற்றுள் பாலிபேக்கும் டேக் பின்னும் ஸ்டிக்கரும் பெட்டிக்குள் உள்ள உறையும் வாங்கும் நாட்டுக்குச் சென்றுவிடும். எஞ்சியவை அனைத்தும் திருப்பூரிலேயே கழிவாகும்.

ஆயினும் நம்பிக்கை தரும் செய்தியும் இங்கேயே உள்ளது. கோன் கவரும் உருளை உறையும் உணவுக் கறை படாதவை, ஒரே வகையைச் சேர்ந்தவை, ஓரிடத்தில் மிகுதியாகக் கிடைப்பவை. மறுசுழற்சியாளர் விரும்பும் மூன்று பண்புகளும் அவற்றில் பொருந்தியுள்ளன. அவற்றைச் சாப்பாட்டுக் கழிவோடும் பெருக்கிய தூசியோடும் கலக்காமல் தனிச் சாக்கில் கட்டினாலே போதும், பனியன் வேஸ்ட்டைப் போல அவையும் விலை பெறும். சாக்குகளையும் பெட்டிகளையும் நூல் மில்லுக்குத் திருப்பி அனுப்பலாம். ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு பாலிபேக் என்னும் வழக்கத்துக்கு மாறாகப் பல பீஸ்களை ஒரே பேக்கில் அடுக்குமாறு வாங்குவோரிடம் கேட்கலாம்.

வாங்கும் நாடுகளும் இதே திசையில் திரும்பியுள்ளன. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பேக்கேஜிங் ஒழுங்குமுறை, 2030க்குள் அங்குச் சந்தைக்கு வரும் உறைகள் மறுசுழற்சிக்கு உகந்தவையாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2022இல் வந்த விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறை, அதாவது உறையைச் சந்தையில் விடுபவரே அதைத் திரும்பப் பெற்றுக் கையாளப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் விதி, உள்நாட்டுச் சந்தைக்கு ஜட்டி, பனியன் விற்கும் பெரிய பிராண்டுகளையும் தொடுகிறது. 1990இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் 1956ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கமும் சாயக்கழிவு நெருக்கடியைக் கூட்டாகச் சந்தித்த அனுபவத்தைக் கொண்டவை. தொழில்பேட்டை ஒவ்வொன்றிலும் நெகிழி உறைகளைச் சேகரிக்கும் பொது நிலையத்தை அவை அமைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

துணிப்பையின் உண்மைக் கணக்கு

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம், ஒருகாலத்தில் பட்டிக்காட்டின் அடையாளமாக எள்ளப்பட்ட பையைப் பெருமைக்குரியதாக மாற்ற முயன்றது. 2022இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்குப் பை தரும் எந்திரம் நிறுவப்பட்டு, அம்முறை பிற இடங்களுக்கும் பரவியது. துணிக்குப் பெயர்பெற்ற திருப்பூர் இவ்வியக்கத்தில் முன்னிற்பது இயல்பே என்றாலும், துணிப்பையின் பயனைப் பற்றித் தெளிவான புரிதல் வேண்டும். பருத்தி விளையவும் நூலாகவும் சாயமேறவும் நீரும் மின்சாரமும் உரமும் செலவாகின்றன. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டின்படி, ஒரு பருத்திப் பை புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை ஒருமுறை நெகிழிப் பையைவிட மேலானதாக, அதைக் குறைந்தது 131 முறை பயன்படுத்த வேண்டும். இத்தகைய மதிப்பீடு சாக்கடை அடைப்பையும் கால்நடைச் சாவையும் கணக்கில் கொள்வதில்லை என்பதும் உண்மையே. ஆயினும், திருமணத்துக்கும் கடைத் திறப்புக்கும் புதிதாக அச்சடித்து வழங்கப்பட்டு, அலமாரியில் ஒரு முறையும் விரியாமல் கிடக்கும் மஞ்சப்பை, பிரச்சினையைத் தீர்க்காமல் வேறு வடிவில் பெருக்குகிறது என்பதை அது உணர்த்துகிறது.

இந்த இடத்தில் திருப்பூருக்கு மட்டும் உள்ள வாய்ப்பு, பெரிய அளவிலான கட்டிங் துண்டுகளும் ஆர்டர் ரத்தானதால் தேங்கிய துணியும் ஆகும். அவை ஏற்கெனவே விளைந்து, நூற்கப்பட்டு, சாயமேறிய துணி. அவற்றிலிருந்து தைக்கப்படும் பைக்குப் புதிய பருத்தியோ புதிய சாயமோ வேண்டியதில்லை. வீட்டிலேயே பவர் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பெண்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் அவற்றைத் தைத்து உழவர் சந்தையிலும் பூ மார்க்கெட்டிலும் பிணைத்தொகைக்குத் தந்து, வாங்கியவர் வேண்டாதபோது திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு, துணிக் கழிவையும் நெகிழிக் கழிவையும் ஒருசேரக் குறைக்கும்.

பாட்டில் நூலாகும்போது

மறுசுழற்சியின் மிகச் சிறந்த சான்றாக இவ்வட்டாரத்தில் காட்டப்படுவது பெட் பாட்டிலிலிருந்து நூல் எடுக்கும் தொழில். சேகரித்த பாட்டில்களை நிறவாரியாகப் பிரித்து, மூடியும் லேபிளும் நீக்கி, கழுவித் துகளாக்கி, உருக்கி இழையாக இழுத்தால் பாலியெஸ்டர் கிடைக்கிறது. அதைத் தனியாகவோ கழிவுப் பஞ்சோடு கலந்தோ நூற்கின்றனர். 2023 பிப்ரவரியில் பிரதமர் நரேந்திர மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து சென்ற, பாட்டில் இழையால் ஆன மேலங்கிக்குரிய துணி கரூரைச் சேர்ந்த நிறுவனத்தோடு தொடர்புடையது என்பதால் இத்தொழில் நாடறிந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும், பொறுக்குவோருக்கு வருமானமும் தரும் இந்தத் தொழில் வளர வேண்டியதே.

அதன் எல்லையையும் மறைக்காமல் கூற வேண்டும். பாட்டில் மீண்டும் பாட்டிலாகச் சுழல்வதைப் போலன்றி, பருத்தியோடு கலந்து ஆடையான பாட்டிலை மறுபடி பிரித்தெடுப்பது மிகக் கடினம்; எனவே அது பெரும்பாலும் ஒருவழிப் பயணம். அதைவிட முக்கியமானது, பாலியெஸ்டர் ஆடையே நெகிழி என்பது. துவைக்கும்போது அதிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் உதிர்ந்து நீர்வழிகளைச் சேர்கின்றன. கடலில் நேரடியாக நுழையும் நுண்நெகிழியில் சுமார் 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவதாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது. உலக இழை உற்பத்தியில் பாதிக்கு மேல் பாலியெஸ்டராகிவிட்ட காலத்தில், பருத்திக்குப் பெயர்பெற்ற திருப்பூரும் செயற்கை இழைக்கு மாறுமாறு சந்தையாலும் அரசின் ஊக்கத் திட்டங்களாலும் தூண்டப்படுகிறது. அம்மாற்றம் நிகழுமாயின், உதிராத நூல்கட்டு, துணியைக் கம்பெனியிலேயே முதல் சலவை செய்து உதிரும் இழையை வடிகட்டிப் பிடித்தல் ஆகியவையும் உடன் வர வேண்டும். வீடுகளில் முழுச் சுமையாக, குளிர்ந்த நீரில், தேவைப்படும்போது மட்டும் துவைப்பது ஆடையின் ஆயுளையும் நீட்டிக்கும்.

வீதியும் ஊராட்சியும்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒவ்வொரு வீடும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று வகுத்தன. பிரித்துத் தந்தபின் அனைத்தும் ஒரே வண்டியில் கொட்டப்படுவதைக் காணும் குடும்பம் அடுத்த நாள் பிரிக்காது. ஆகவே, பிரித்தலுக்கான முதல் நிபந்தனை, இருவேறு அறைகள் கொண்ட வண்டியும், மக்காத குப்பையை வாரத்தில் குறித்த நாளில் தனியே எடுக்கும் ஒழுங்கும் ஆகும். ஈரமற்ற, கழுவி உலர்த்திய கவர்களை ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்தால் அது நாறுவதில்லை. வாரம் ஒருமுறை எடுத்தாலும் போதும். இந்தச் சிறு ஒழுங்கே பாறைக்குழிக்குச் செல்லும் குப்பையைப் பெருமளவு குறைக்கும். மீந்துபோகும் மக்கும் குப்பையை நுண்ணுயிர் உரமாக்கும் மையங்கள் ஏற்கலாம்.

லைன் வீடுகள் தனிக் கவனம் கோருகின்றன. வரிசையாக அமைந்த ஒற்றை அறைகளில், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் தென்மாவட்டத்தினரும் வாழும் இடத்தில், ஒவ்வொரு குடும்பமும் மூன்று தொட்டிகள் வைக்க இடம் இருக்காது. பொது முற்றத்தில் தொட்டிகளை வைத்துப் பராமரிக்கும் பொறுப்பை வாடகை பெறும் உரிமையாளரிடம் ஒப்படைப்பதும், அறிவிப்புகளைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதுவதும் எளிய தேவைகள். குப்பை எடுக்கப்படாத இடத்தில்தான் எரிப்பு தொடங்குகிறது. குறைந்த வெப்பத்தில் எரியும் நெகிழி, குறிப்பாகப் பிவிசி கலந்தது, டையாக்சின் போன்ற நச்சுகளை வெளியிடுகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அடுத்த அறையின் குழந்தைகளே.

நகரத்துக்கு வெளியே, காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு எனப்படும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்கள் காங்கேயம் மாடுகளை வளர்க்கின்றன. உணவு மணம் ஒட்டிய கவரை மாடு விழுங்கினால் அது இரைப்பையில் செரிக்காமல் தங்கி, மெல்லமெல்ல உயிரைக் குடிக்கும். கவரை முடிச்சிட்டு எறிவது மாட்டுக்கு இன்னும் கேடு, ஏனெனில் மாட்டால் உணவை மட்டும் தனியே எடுக்க இயலாது. உணவுக் கழிவை நெகிழிக் கவரில் கட்டி எறியாதிருப்பது என்னும் ஒரே பழக்கம், செலவு எதுவும் இன்றி அம்மாடுகளைக் காக்கும்.

அண்டை மாநிலமான கேரளத்தில் ஹரித கர்ம சேனை என்னும் பெண்கள் குழுவினர் வீடுதோறும் சென்று கழுவிய நெகிழியை மாதக் கட்டணத்துடன் பெற்றுச் செல்கின்றனர். அதில் கட்டணமும் உண்டு, சேகரிப்பவருக்குக் கௌரவமான அடையாளமும் உண்டு. திருப்பூரில் 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் வளர்ப்பு இயக்கத்தில் தொழிலதிபர்களும் விவசாயிகளும் மாணவர்களும் ஆண்டுதோறும் கைகோத்து வருவது, பொதுப்பணிக்கு இவ்வூர் ஒன்றுகூடத் தயங்காது என்பதற்குச் சான்று. மறுசுழற்சிக்கு ஒவ்வாத பல அடுக்கு உறைகளைச் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகவோ, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில் தார்ச்சாலைக் கலவையாகவோ பயன்படுத்தலாம். இவை கடைசிப் புகலிடங்களே தவிர, நுகர்வுக்கு உரிமம் ஆகா.

செய்ய வேண்டியவற்றின் வரிசை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், முயற்சிகள் பலவாக இருந்தும் பலன் சிதறுவதற்குக் காரணம் அவற்றின் வரிசை பிறழ்ந்திருப்பதே என்பது விளங்கும். முதலில் வருவது, பெருமளவு நெகிழியை ஒரே முடிவால் நிறுத்தக்கூடியவர்களின் கடமை: கம்பெனிகள் கோப்பையையும் கலப்புக் குப்பையையும் நிறுத்துவது, பிராண்டுகள் தங்கள் உறையைத் திரும்பப் பெறுவது, மொத்த வியாபாரத்தில் தடை உண்மையாக நடைமுறையாவது. இரண்டாவது, பிரித்துத் தரும் வீட்டுக்கு நம்பிக்கை ஏற்படும்படி உள்ளாட்சி தனித்தனியே எடுத்துச் செல்வது. மூன்றாவதாகவே வீட்டின் பங்கு வருகிறது: பை, போசி, பாட்டில் கொண்டு செல்வது, கவரைக் கழுவி உலர்த்துவது, உணவோடு சேர்த்துக் கட்டாதிருப்பது. முன்னிரண்டும் நிறைவேறாமல் மூன்றாவதை மட்டும் வலியுறுத்துவது, குறைந்த வருவாயும் குறைந்த நேரமும் உடையவர் மீதே முழுச் சுமையையும் ஏற்றுவதாகும். முன்னிரண்டும் நிறைவேறியபின் மூன்றாவதைச் செய்யத் தவறுவது, அடுத்த ஊரின் கிணற்றையும் தூய்மைப் பணியாளரின் உடலையும் மதிக்காத செயலாகும்.

இவற்றில் எதுவும் திருப்பூருக்குப் புதிய கல்வி அன்று. நிறம் பிரித்துக் கட்டிய துணிக் கழிவுக்குக் கூடுதல் விலை உண்டு என்பதை இவ்வூரின் ஒவ்வொரு கட்டிங் பிரிவும் அறியும்; கழிவின் செலவை உண்டாக்கியவரே சுமக்க வேண்டும் என்பதை நொய்யல் வழக்கு நிலைநாட்டிவிட்டது; அச்செலவைக் கூட்டாகச் சுமப்பது எப்படி என்பதைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடத்திக் காட்டுகின்றன. சாயக் கழிவில் நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருந்ததன் விலையை விவசாயியும் தொழிலாளியும் முதலாளியும் செலுத்தினார்கள். நெகிழியில் அதே விலையை இரண்டாம் முறை செலுத்தாமலிருக்கத் தேவையான அறிவும் அமைப்பும் அனுபவமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் பனியன் வேஸ்ட்டிலிருந்து பால் கவர் வரைக்கும் நீட்டுவதே எஞ்சியுள்ள வேலை.